ஸ்பகெட்டிமேல் மீன் குழம்பு

பினாங்கு லக்சாவுக்கு அரிசி நூடுல்ஸ்; ஜொகூர் லக்சாவுக்கு இத்தாலிய ஸ்பகெட்டி. 1885இல் சுல்தான் பட்டம் ஏற்ற அபு பக்கார் ஐரோப்பாவில் அதைச் சுவைத்துவிட்டு வந்து தம் சமையல்காரரிடம் சொன்னதாக ஜொகூர்க்காரர்கள் கதை சொல்வார்கள். கதை எப்படியோ, சேர்க்கை அபாரம். அத்தனை கெட்டியான குழம்பையும் குழையாமல் தாங்குவது அந்தக் கோதுமை நூல்தான். ஹைட்டிக்காரர்களும் மக்ரோனியை இப்படித்தான் தமதாக்கிக்கொண்டார்கள்: குடைமிளகாய், டின் பால், சீஸ், காரம் சேர்த்து அவனில் சுடுகிறார்கள்.

ஜொகூரில் உயிர் குழம்பில் இருக்கிறது. பாராங் மீனை அவித்து, முள் நீக்கி, அரைக்க வேண்டும். முள் மிகுந்த மீன், அவசரப்படுகிறவர்களுக்கு ஆகாது. வெங்காயம், பூண்டு, செராய், அரத்தை, உலர்ந்த இறால், மீன் கறித்தூள் எல்லாம் எண்ணெய் பிரியும்வரை வதங்கியபின் மீனும் தேங்காய்ப்பாலும் சேரும். கடைசியில் கெரிசிக்: தேங்காய்த் துருவலைப் பொன்னிறமாக வறுத்து, எண்ணெய் கசியும்வரை இடித்த விழுது. இதை மட்டும் வீட்டிலேயே இடித்துவிடுங்கள். வறுத்தரைத்த குழம்பில் வளர்ந்த நம் மூக்கு அந்த வாசனையை உடனே கண்டுகொள்ளும்.

மேலே வெள்ளரி, வெங்காயம், தௌகே, கெசும் இலை, ஓரத்தில் சம்பால் பெலாச்சான். கஸ்தூரி எலுமிச்சையைப் பிழிந்து, கையாலேயே பிசைந்து சாப்பிடுவது இங்குள்ள வழக்கம். முள்கரண்டியில் சுற்றினால் குழம்பு தட்டிலேயே தங்கிவிடும்.