ஜெல்லி ரோல் மார்ட்டன்: திட்டமிட்ட ஜாஸின் நிறையும் குறையும்

பெர்டினாண்ட் ஜோசப் லாமோத் என்ற இயற்பெயர் கொண்ட ஜெல்லி ரோல் மார்ட்டன், ஜாஸ் இசையை முன்கூட்டியே திட்டமிட்டு அமைத்த முதல் பெரும் இசையமைப்பாளர். நியூ ஆர்லியன்ஸ் நகரின் கிரியோல் குடும்பத்தில் பிறந்த இவர், ஸ்டோரிவில் பகுதியின் கேளிக்கை விடுதிகளில் பியானோ வாசித்துத் தொழில் பழகினார். 1915இல் அச்சில் வந்த இவருடைய ‘ஜெல்லி ரோல் புளூஸ்’, அச்சேறிய முதல் ஜாஸ் உருப்படிகளுள் ஒன்று.

நியூ ஆர்லியன்ஸ் குழுக்களில் கார்னெட் மெட்டைப் பிடிக்க, கிளாரினெட்டும் டிராம்போனும் மனோதர்மமாக அதைச் சுற்றிப் பின்னும். மார்ட்டன் இந்தப் பின்னலுக்கு ஒரு வரைபடம் வகுத்தார். எந்தக் கருவி எங்கே சேர வேண்டும், எங்கே ஓய வேண்டும் என்பதை ஒத்திகையிலேயே முடிவு செய்தார். குழு சட்டென நிற்க, ஒருவர் மட்டும் அந்த இடைவெளியை நிரப்பும் ‘பிரேக்’ இல்லாமல் ஜாஸ் இல்லை என்பது அவர் கொள்கை.

இம்முறையின் வலிமைக்கு, 1926 செப்டம்பரில் மார்ட்டனின் ரெட் ஹாட் பெப்பர்ஸ் குழு சிகாகோவில் பதிவு செய்த ‘பிளாக் பாட்டம் ஸ்டாம்ப்’ சான்று. அக்கால இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடமே அடங்கும். அதற்குள் ஏழு கலைஞர்களின் கூட்டொலி, தனி வாசிப்பு, பிரேக், தாள நடை மாற்றம் எல்லாம் நெருக்கடியின்றி வந்து போகின்றன. தனி வாசிப்பில் கலைஞருக்குச் சுதந்திரமும் இருந்தது. தொடக்கம், முடிவு, கூட்டொலி ஆகியவற்றில்தான் மார்ட்டன் கண்டிப்புக் காட்டினார்.

குறைகளும் இம்முறையிலிருந்தே முளைத்தன. முழு வடிவமே முதன்மை என்பதால், தனி வாசிப்பு அதன் ஓர் உறுப்பாகவே நின்றது. அதே சிகாகோவில் லூயி ஆர்ம்ஸ்ட்ராங், தனிக் கலைஞரின் கற்பனையையே இசையின் மையமாக்கிக் கொண்டிருந்தார். ஜாஸ் அவர் வழியில் சென்றது. மேலும், வரைபடத்துக்கு உயிரூட்ட நியூ ஆர்லியன்ஸ் பாணியில் ஊறியவர்கள் தேவைப்பட்டனர். 1928இல் நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்த பின் வந்த பதிவுகளில் தரம் ஏறி இறங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். பெரிய நடனக் குழுக்களின் காலம் பிறந்தபோது மார்ட்டனின் ஒலி பழையதாகத் தோன்றியது.

1938இல், 1902ஆம் ஆண்டிலேயே ஜாஸைப் படைத்தது தாமே என்று அவர் உரிமை கோரினார். திருமுழுக்குப் பதிவின்படி அவர் பிறந்தது 1890இல். அப்படியானால் அப்போது வயது பன்னிரண்டுதான். பல கைகள் சேர்ந்து வளர்த்த கலைக்கு ஒரே தந்தையைத் தேடிய அந்தப் பேச்சு, உண்மையான சாதனையையும் ஐயத்துக்குள்ளாக்கியது. அதே ஆண்டு அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்காக ஆலன் லோமாக்ஸ் பதிவு செய்த அவருடைய நினைவுகளும் வாசிப்பும் மட்டும் விலைமதிப்பற்ற ஆவணமாக நிலைத்தன.

1941இல் லாஸ் ஏஞ்சலஸில் மார்ட்டன் இறந்தார். அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே, அவருடைய ‘கிங் போர்ட்டர் ஸ்டாம்ப்’ பிளெட்சர் ஹெண்டர்சனின் புதிய அமைப்பில், பென்னி குட்மன் குழுவின் வாசிப்பில் பெருவெற்றி கண்டிருந்தது. அவருடைய பாணி வழக்கொழிந்த பிறகும் அவருடைய உருப்படி புதிய குழுக்களுக்கு ஈடுகொடுத்தது. ஜாஸை எழுதிவைக்கவும் முடியும் என்று நிறுவியதே மார்ட்டனின் நிலைத்த பங்களிப்பு.