ஓவிய வாத்தியாரின் ஒரு வருடம்

எங்கள் ஓவிய வாத்தியாரின் ஆண்டுத் திட்டம் 40 பக்க நோட்டு ஒன்றில் அடங்கிவிடும். வாரத்துக்கு ஒரு பீரியட். பிப்ரவரி வந்தால் அதையும் கணக்கு சார் கடன் வாங்கிவிடுவார். திரும்பி வராத கடன். அதனால் கனமான பாடங்களையெல்லாம் முன்னாலேயே வைத்திருப்பார்.

ஜூனில் வெறும் கோடுதான், ஸ்கேலைத் தொடக்கூடாது. ஆகஸ்டில் பூவரச இலை, பித்தளைச் சொம்பு. எதிரே வைத்துப் பார்க்கும்போது சொம்பின் வாய் வட்டமல்ல, நீள்வட்டம் என்று கண் ஒப்புக்கொள்ளவே மூன்று வாரம் ஆகும். ஐப்பசி மழையில் தாள் நமுத்துப்போகும், வாட்டர் கலர் லேசில் காயாது. வேறு யாராக இருந்தாலும் வண்ணத்தைத் தள்ளிப்போட்டிருப்பார்கள். இவர் அந்த மாதத்தைத்தான் மேகம் வரைய ஒதுக்கினார். ஈரத்தாளில் நீலம் தானாகப் பரவும். எங்கே நிறுத்துவது என்பதுதான் பாடம். மார்கழியில் புள்ளிக்கோலம், அது சமச்சீருக்கு. (பெண்கள் எங்களைப் பார்த்துச் சிரித்த மாதமும் அதுவே.)

ஜனவரியில் சித்தன்னவாசல். குகைக் கூரையில் தீட்டியிருந்த 9-ஆம் நூற்றாண்டுத் தாமரைக்குளத்தை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தது. அங்கே பென்சிலை எடுக்கவிடவில்லை. மறுவாரம் நினைவிலிருந்து வரையச் சொன்னார். என் குளத்தில் தாமரை இருந்தது, மீன் இருந்தது. அத்தனை பெரிய யானை விட்டுப்போயிருந்தது.