தீர்ப்பு யாருடையது?

ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவின் 'அம்பேத்கர் ஒளியில் எனது தீர்ப்புகள்' நூலைச் சட்டப் புத்தகம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. பூந்தமல்லி கோர்ட்டானாலும் சரி, பாரிமுனை ஐகோர்ட்டானாலும் சரி, வராண்டாவில் நிற்கிற நம் சனங்களுக்கு உள்ளே என்ன பேசிக்கிறாங்க என்று தெரியாது. 'வாய்தா' என்ற ஒரு சொல்தான் காதில் விழும். உயர் நீதிமன்றத் தீர்ப்போ இங்கிலீஷில் வரும். அரசியல் சட்டத்தின் 348ஆவது பிரிவு அப்படி. தமிழையும் அங்கே ஏற்றவேண்டும் என்று 2006இல் சட்டமன்றம் தீர்மானம் போட்டும் நடக்கவில்லை. அந்தத் தீர்ப்புகளைத் தமிழில் பேசவைத்ததே இந்நூலின் முதல் பலம்.

இடதுசாரி மாணவர் இயக்கத்திலிருந்து வந்த வக்கீல் சந்துரு. 2006இல் நீதிபதியாகி, 2013 மார்ச் 8இல் ஓய்வுபெற்று, மின்சார ரயிலில் வீடு திரும்பியவர். பிறகு பத்திரிகைகளில் சட்டம் எழுத உட்கார்ந்தார். சாதி பாராத பொது மயானம், சத்துணவு மைய வேலையில் இடஒதுக்கீடு என்று அவர் தந்த தீர்ப்புகள், சுடுகாட்டுக்கும் சாதிப் பாதை போட்டிருக்கிற நாட்டில் சின்ன விசயமில்லை. தீர்ப்பெழுத அம்பேத்கரின் எழுத்து துணைநின்றதை வெளிப்படையாகச் சொல்கிற நீதிபதிகள் எத்தனை பேர்?

ஆனால் தலைப்பிலுள்ள 'எனது' நெருடுகிறது. ஊருக்கும் போலீசுக்கும் பயப்படாமல் படியேறி மனு போட்டவளுக்குத் தீர்ப்பில் பங்கில்லையா? 1993இல் போலீஸ் காவலில் கொல்லப்பட்ட ராசாக்கண்ணுவின் வழக்கை நடத்தியவர் சந்துரு. அது 2021இல் 'ஜெய் பீம்' படமானபோது வக்கீல் நாயகனானார். குறவரான ராசாக்கண்ணு இருளராக்கப்பட்டார். இது சந்துருவின் குற்றமல்ல. கதை சொல்கிற இடத்தில் பாதிக்கப்பட்டவர்கள் இல்லாததன் விளைவு.

அம்பேத்கரைப் பாருங்கள். 1927 மார்ச் 20இல் மகத் குளத்துத் தண்ணீரைக் குடித்தார். சாதி இந்துக்கள் போட்ட வழக்கு பம்பாய் உயர் நீதிமன்றத்தில் முடிய 1937 மார்ச் 17 ஆனது. பத்து வருசம்! அவ்வழக்கின் பிரதிவாதியும் அவரே, பாரிஸ்டரும் அவரே. 1927இல் 'பகிஷ்கிருத் பாரத்' பத்திரிகையைத் தொடங்கியவரும் அவரே. அடிபட்டவன் கையிலேயே பேனாவும் இருந்தது.

ஆவடியிலும் அம்பத்தூரிலும் முதல் தலைமுறை வக்கீலாய்க் கறுப்புக் கோட்டு போட்டிருக்கிற நம் பிள்ளைகள் கேஸ் கட்டைப் பிரித்து எழுத வரவேண்டும். தீர்ப்பு வந்த பிறகு மயானப் பாதை திறந்ததா? நம்ம அக்கா சமைத்த சத்துணவை ஊர்ப் பிள்ளைகள் சாப்பிட்டார்களா? இதையெல்லாம் நீதிபதி எழுத முடியாது. நாமதான் எழுதணும்.