பீரோவுக்குள் பலிக்கும், சுவரில் பலிக்காது

ஆனி பிறந்து சாரல் கட்டிவிட்டால் பண்பொழியில் மேற்குச் சுவர்கள் காய்வதே இல்லை. மலையிறங்கி வரும் காற்று ஈரத்தை வீட்டுக்குள் கொண்டுவந்து சேர்த்துவிடும். பத்து நாள் போடாத தோல் செருப்பில் பச்சையாகப் பூசணம் படரும். பீரோவைத் திறந்தால் பட்டுச் சேலையின் மடிப்பில் வெள்ளைப் புள்ளி. "கிராம்புத் தைலம் நாலு சொட்டு தண்ணியில விட்டு அடிங்க, ஓடிரும்" என்பதுதான் இப்போது பலரும் சொல்லும் வைத்தியம்.

இதைப் புறந்தள்ள எனக்கு மனமில்லை. கிராம்புத் தைலத்தின் பெரும்பகுதி யூஜினால். எலுமிச்சைப்புல் தைலத்தில் சிட்ரால், ஓமத்தில் தைமால். இவை பூஞ்சையின் செல் சவ்வுக்குள் கரைந்து நுழைந்து அதை ஓட்டையாக்கிவிடும். உள்ளே இருப்பது கசிய, பூஞ்சை வளர முடியாமல் போகும். ஆய்வகத் தட்டில் இது பலமுறை நிரூபணமான விஷயம். ஆவியாகும் குணம் இன்னொரு பலம். துடைக்கும் துணி எட்டாத மடிப்புக்குள்ளும் ஆவி எட்டும்.

இந்தப் பலத்தைச் சரியாகப் பயன்படுத்திக்கொண்டவை நம் சுவடி நூலகங்கள். ஓலைச்சுவடியைக் காக்க எலுமிச்சைப்புல் தைலம் தடவும் வழக்கம் தமிழ்நாட்டில் நன்றாக வேரூன்றியது. முதலில் உலர்ந்த தூரிகையால் தூசியைத் தட்டுவார்கள். பிறகு பஞ்சில் தைலம் தொட்டு, ஓலையின் இரு பக்கமும் நரம்பு போகும் திசையிலேயே மெல்லத் தேய்ப்பார்கள். முறுகிக் கிடந்த ஓலை வளைந்து கொடுக்கும். காற்றாட வைத்துவிட்டு, இரண்டு மரச் சட்டங்களுக்கு நடுவில் வைத்துக் கட்டித் துணியில் சுற்றுவார்கள். வாசம் போனதும் மறுபடியும் பூச வேண்டும். அந்த வேலைக்கு முடிவே கிடையாது. தைலம் அங்கே பலிப்பதற்குக் காரணம் தைலம் மட்டுமல்ல. ஓலை ஏற்கெனவே சுத்தமாகி, உலர்ந்து, மூடிய இடத்துக்குப் போகிறது.

மேற்குச் சுவரில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. சாந்துக்குள் இறங்கிய ஓதம் நாள் முழுவதும் பூஞ்சைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கிறது. மேலே தெளித்த தைலமோ கொஞ்ச நாளில் காற்றோடு போய்விடும். அதைவிட அடிப்படையான கோளாறு ஒன்று உண்டு. தைலம் தண்ணீரில் கரையாது. என்னதான் குலுக்கினாலும் சொட்டு தனியே பிரிந்துவிடும். ஒரு பீய்ச்சலில் வருவது வெறும் தண்ணீர், இன்னொன்றில் வருவது காரமான தைலம். அது பட்ட இடத்தில் வெள்ளைச் சுவர் பழுப்பேறும், கை எரியும். பூசணத்துக்கு நாமே தண்ணீர் வார்த்தது மட்டும் மிச்சம். செத்த பூசணத்தையும் துடைத்து எடுத்தாக வேண்டும். அதன் தூள் மூச்சுக்குள் போனாலும் ஒவ்வாமை வரும்.

இயற்கை என்பதால் ஆபத்தில்லை என்று சொல்வதைத்தான் என்னால் ஏற்கவே முடியவில்லை. ஆஸ்துமாக்காரருக்கு இந்த நெடியே மூச்சுமுட்டலைக் கொண்டுவரும். கைக்குழந்தை படுக்கும் அறையில் தெளிக்கவே கூடாது. பூனையின் ஈரல் யூஜினால் போன்ற பொருள்களை எளிதில் கழித்து வெளியேற்றாது; வீட்டில் பூனை இருந்தால் இந்தச் சீசாவே வேண்டாம்.

சுவருக்கு நம்மிடம் வேறு மருந்து இருந்தது. பொங்கலுக்குப் பொங்கல் அடித்த சுண்ணாம்பின் காரத்தில் பூஞ்சை எளிதில் வேர்விடாது, சுவரும் மூச்சு விடும். பிளாஸ்டிக் பெயின்ட் வந்து ஈரத்தை உள்ளேயே பூட்டிவிட்டது. ஓட்டு இடுக்கையும் மழைநீர்க் குழாயையும் சித்திரையிலேயே பார்த்துச் சரிசெய்யாமல், ஆடியில் தைலச் சீசாவைத் தேடுவதில் எனக்கு வருத்தம்தான்.

தைலத்தை நான் பீரோவோடு நிறுத்திக்கொள்கிறேன். சாரல் விட்டு வெயில் அடிக்கும் ஒரு முற்பகலில் தட்டுகளைக் காலி செய்து, துடைத்து, கதவைத் திறந்தே போட்டுக் காயவிட வேண்டும். பிறகு பஞ்சில் நாலு சொட்டு எலுமிச்சைப்புல் தைலம் விட்டு, துணியில் படாமல் ஒரு சின்னக் கிண்ணத்தில் வைத்து மூட வேண்டும். கதவைத் திறக்கும்போது வாசம் முகத்தில் அடிக்கவில்லையென்றால், பஞ்சை மாற்றும் நாள் வந்துவிட்டது.