மதராஸ் கடைப்பெயர்த் துப்பாக்கிகள்: ஓர் ஒப்பீடு

19ஆம் நூற்றாண்டில் ஓக்ஸ் அண்டு கம்பெனி, பி. ஓர் அண்டு சன்ஸ் போன்ற மதராஸ் நிறுவனங்கள் இங்கிலாந்துத் துப்பாக்கிகளைத் தம் பெயர் பொறித்து விற்றன. குழல்வாயில் மருந்து கெட்டிக்கும் பழைய துப்பாக்கிகளை இப்பெயர்களைக் கொண்டே தரம் பிரிப்பது பிழை. கடைப்பெயர் விற்றவரைக் காட்டும், செய்தவரைக் காட்டாது. பர்மிங்காம் பட்டறை ஒன்றே பல கடைகளுக்கும் செய்து கொடுத்திருக்கலாம்.

குழலிலுள்ள சோதனை முத்திரை இன்னும் உறுதியான சான்று. பர்மிங்காம் சோதனைச் சாலை 1813இல் சட்டப்படி நிறுவப்பட்டது. முடியின்கீழ்க் குறுக்கிட்ட செங்கோல்கள் அதன் அடையாளம். ஆயினும், சோதித்த நாளில் குழல் வெடிப்பைத் தாங்கியது என்பதற்கு மட்டுமே அது சாட்சி. குறி தவறாமையை அறியச் சுருள்வரிகளின் எண்ணிக்கை, முறுக்கு, தேய்மானம் ஆகியவற்றையே ஒப்பிட வேண்டும். அருங்காட்சியகக் குறிப்புகளில் விற்றவரையும் செய்தவரையும் தனித்தனியே எழுதுவதே முறை.