பொறுத்துக்கொள்ளுங்கள் என்பது சிகிச்சையா?

எச்.ஐ.வி.க்கு மருந்து எடுக்கும் ஒருவர் ஏ.ஆர்.டி. (கூட்டு மருந்து சிகிச்சை) மையத்துக்குப் போய்த் தலைசுற்றுகிறது, இரவில் தூக்கமில்லை, கால் எரிகிறது என்று சொன்னால் பெரும்பாலும் இரண்டு பதில்கள் கிடைக்கும்: மருந்தை நிறுத்திவிடாதீர்கள், கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளுங்கள். சேர்த்தே சொல்லப்படுவதால் இரண்டும் ஒரே அறிவுரைபோல ஆகிவிட்டன. முதலாவதற்குப் பின்னால் வலுவான மருத்துவச் சான்று நிற்கிறது. இரண்டாவதற்குப் பின்னால் நிற்பது, பல நேரங்களில், கூட்டம் நெரியும் மையத்தின் அவசரம் மட்டும்தான். அதனால் இரண்டையும் பிரித்து வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

நிறுத்தக்கூடாது என்பதை முதலில் பார்ப்போம். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மருத்துவர்கள் நடுவே ஒரு யோசனை இருந்தது. மருந்துகளால் இதயம், சிறுநீரகம், கல்லீரல் கெடுகின்றன. எதிர்ப்பாற்றல் நன்றாக இருக்கும் காலத்தில் மருந்துக்கு விடுமுறை கொடுத்தால் உடல் தேறாதா? நியாயமான கேள்விதான். அதைச் சோதிக்க 33 நாடுகளில் 5,472 பேரைக் கொண்டு ‘ஸ்மார்ட்’ என்ற ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினர் இடைவிடாமல் மருந்து எடுத்தார்கள். மற்றப் பிரிவினர் எதிர்ப்பாற்றலின் அளவுகோலான சிடி4 எண்ணிக்கை 350-க்கு மேல் இருந்தால் நிறுத்தி, 250-க்குக் கீழே இறங்கியதும் மீண்டும் தொடங்கினார்கள். 2006 ஜனவரியில் ஆய்வைப் பாதியிலேயே முடிக்க வேண்டியதாயிற்று. நிறுத்தி நிறுத்தி எடுத்தவர்களிடம் மரணமும் சந்தர்ப்பவாதத் தொற்றுகளும் இரண்டரை மடங்குக்கு மேல் இருந்தன. இது ஓரளவு எதிர்பார்த்ததே. எதிர்பாராதது இன்னொன்று: எந்த இதய, சிறுநீரக, கல்லீரல் நோய்களுக்கு மருந்தைக் குற்றம் சொன்னார்களோ, அவையும் மருந்தை நிறுத்தியவர்களிடம்தான் அதிகம் வந்தன. கட்டுப்படாத வைரஸ் உடலை ஓயாத அழற்சியில் வைத்திருக்கிறது. மருந்து செய்யும் கேட்டைவிட அந்த அழற்சி செய்யும் கேடு பெரிது. 2015-ல் வெளிவந்த ‘ஸ்டார்ட்’ ஆய்வு இதையே மறுபக்கத்திலிருந்து காட்டியது. சிடி4 நன்றாக இருக்கும்போதே மருந்தைத் தொடங்கியவர்களுக்குக் கடும் நோயும் மரணமும் 57 சதவீதம் குறைவு.

தானாக நிறுத்துவதில் வேறு அபாயங்களும் உண்டு. மூன்று மருந்துக் கூட்டில் ஒன்றாக இருந்த எஃபாவிரென்ஸ் உடலில் பல நாள் தங்கும். கூட இருந்த மற்ற இரண்டும் சீக்கிரம் வெளியேறிவிடும். மூன்றையும் ஒரே நாளில் நிறுத்தினால், வைரஸ் தனித்து நிற்கும் ஒரே மருந்தை எதிர்கொண்டு அதை வெல்லக் கற்றுக்கொள்கிறது. கூட்டில் சேரும் டெனோஃபோவிரும் லாமிவுடினும் ஹெபடைடிஸ் பி வைரஸையும் அடக்கிவைப்பவை. அந்தத் தொற்றும் உள்ளவர் நிறுத்தினால் கல்லீரல் திடீரென்று கொந்தளிக்கலாம். ஆகவே முதல் அறிவுரையில் எனக்கு மறுப்பே இல்லை.

இரண்டாவது அறிவுரையை எடைபோட ஸ்டாவுடின் என்ற பழைய மருந்தின் கதையைச் சொல்லியாக வேண்டும். 2001 பிப்ரவரியில் சிப்லா நிறுவனம் மூன்று மருந்து சேர்ந்த சிகிச்சையை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தர முன்வந்தது. அதுவரை அதன் விலை ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல். ஸ்டாவுடின், லாமிவுடின், நெவிரபின் மூன்றும் ஒரே மாத்திரைக்குள் வந்தன. 2004 ஏப்ரல் 1 அன்று இந்திய அரசு இலவசக் கூட்டு மருந்து சிகிச்சையைத் தொடங்கியபோது, தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனை உள்ளிட்ட மையங்களில் அந்த வகைக் கூட்டுதான் பலருக்குக் கிடைத்தது. சாகக் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். அந்த மாத்திரையை இழித்துப் பேச எனக்கு மனம் வராது.

ஆனால் ஸ்டாவுடின் வைரஸை மட்டும் தாக்கவில்லை. நம் செல்களுக்குள் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியா தன் மரபுப்பொருளைப் படியெடுக்கப் பயன்படுத்தும் நொதியையும் முடக்கியது. அதனால் பாதங்களில் நெருப்பு வைத்ததுபோல் எரிச்சல். சிலருக்கு ரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறி உயிரே போனது. கொடுமையிலும் கொடுமை முகத்தில் நடந்தது. கன்னக் கொழுப்பு கரைந்து எலும்பு தெரிந்தது. கைகால்கள் மெலிந்து நரம்பு புடைத்தது. வைரஸ் கட்டுக்குள் இருந்த ஒருவரை, அந்த முகமே ஊருக்குக் காட்டிக்கொடுத்தது. ஒட்டிய கன்னத்தைப் பார்த்தே நோயைச் சொல்லிவிடக்கூடிய ஊரில், கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் போகாமல் ஒதுங்கியவர்களின் இழப்பை எந்த ரத்தப் பரிசோதனையும் அளக்கவில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2007-ல் எல்லா எடையினருக்கும் 30 மில்லிகிராம் போதும் என்று அளவைக் குறைத்தது. 2009 நவம்பரில்தான் ஸ்டாவுடினைப் படிப்படியாகக் கைவிடச் சொன்னது. செல்வந்த நாடுகள் அதற்கு முன்பே விலகிவிட்டிருந்தன. இந்தியாவில் அது முற்றிலும் ஒழிய அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் பிடித்தன. 2004-ல் ஸ்டாவுடினைக் கொடுத்தது சரி. வேறு எதுவும் கைக்கெட்டும் விலையில் இல்லை. டெனோஃபோவிர் கிடைக்கத் தொடங்கிய பிறகும் அதை நீட்டித்தது தவறு. அந்த நீட்டிப்பைச் சாத்தியமாக்கியது ‘பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்ற பதில். கன்னத்தில் போன கொழுப்பு மருந்தை மாற்றிய பிறகும் மெதுவாகத்தான் திரும்பியது, பலருக்கு முழுமையாகத் திரும்பவே இல்லை.

அடுத்து வந்த எஃபாவிரென்ஸ் பார்வைக்குத் தெரியாத தொல்லைகளைத் தந்தது: தலைசுற்றல், விசித்திரக் கனவுகள், பகலிலும் விலகாத மந்தம். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் அடங்கியது உண்மை. இரவு படுக்கும்முன், கொழுப்பு நிறைந்த சாப்பாட்டோடு சேர்க்காமல் எடுத்தால் குறையும் என்பதும் உண்மை; எண்ணெய்ச் சாப்பாடு மருந்து ரத்தத்தில் ஏறும் அளவைக் கூட்டிவிடுகிறது. ஆனால் அந்த மருந்தை மெதுவாகச் சிதைக்கும் மரபணு அமைப்பு உள்ளவர்களுக்கு மாதக்கணக்கில் அடங்கவில்லை. அவர்கள் உடலில் நின்ற மருந்தின் அளவே மற்றவர்களைவிட அதிகம். அமெரிக்க ஆய்வுக் குழு ஒன்று நான்கு ஆய்வுகளைத் தொகுத்து 2014-ல் வெளியிட்ட கணக்கின்படி, தற்கொலை எண்ணமும் முயற்சியும் எஃபாவிரென்ஸ் எடுத்தவர்களிடம் இரு மடங்குக்கு மேல்: ஆயிரம் பேரை ஓராண்டு கவனித்தால் மற்றவர்களிடம் சுமார் 4, இவர்களிடம் சுமார் 8. எண்ணிக்கை சிறியது, பொருள் பெரியது. இன்னொரு பெரிய கண்காணிப்பு ஆய்வில் அப்படித் தொடர்பு தென்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் அது மரணங்களைக் கொண்டு கணக்கிட்டது. மரணப் பதிவேட்டில் தூக்கமற்ற இரவுகளும் விளிம்புவரை போய்த் திரும்பியவர்களும் இடம்பெறுவதில்லை. அதனால் நான் முதல் ஆய்வையே கூடுதலாக நம்புகிறேன்.

என்னை அதிகம் உறுத்துவது வேறு. 1998-ல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இந்த மருந்தின் அளவு 600 மில்லிகிராம். 2014-ல் ‘என்கோர் 1’ ஆய்வு 400 மில்லிகிராமே வைரஸை அதே அளவு அடக்குகிறது என்றும், மருந்தால் வரும் தொல்லைகள் 47 சதவீதத்திலிருந்து 37 சதவீதமாகக் குறைகின்றன என்றும் காட்டியது. கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்கப் பதினாறு ஆண்டுகள் ஆயின. நோயாளிகள் முதல் நாளிலிருந்தே சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள்.

இன்று முதல் வரிசையில் நிற்பது டி.எல்.டி.: டெனோஃபோவிர், லாமிவுடின், டொலுடெக்ராவிர், நாளுக்கு ஒரே மாத்திரை. தாங்குதிறனில் இதற்கு முந்தைய எதுவும் இதன் அருகில் வராது. ஆனாலும் இதன் தொடக்கமும் சிக்கலோடுதான். 2018-ல் போட்ஸ்வானாவில், கருத்தரிக்கும்போதே டொலுடெக்ராவிர் எடுத்த 426 பெண்களின் குழந்தைகளில் 4 பேருக்கு நரம்புக்குழல் குறைபாடு இருந்தது தெரிந்தது, அதாவது 0.94 சதவீதம். உடனே பல நாடுகள் குழந்தை பெறும் வயதுப் பெண்களுக்கு அதைத் தரத் தயங்கின. பெண்கள் பழைய எஃபாவிரென்ஸிலேயே வைக்கப்பட்டார்கள். அதே ஆய்வு தொடர, விகிதம் 2019-ல் 0.30 ஆக இறங்கியது; 2022-ல் மற்ற மருந்துகளோடு வேறுபாடே இல்லாமல் 0.1 அளவுக்கு வந்துவிட்டது. எச்சரித்தது சரிதான். ஆனால் முடிவெடுக்கும் உரிமையைப் பெண்ணிடம் தராமல் அவளுக்காக வேறு யாரோ முடிவெடுத்ததை நான் சரியென்று ஏற்க மாட்டேன். ஆப்பிரிக்கப் பெண்கள் அப்போதே அதைத்தான் கேட்டார்கள்: தகவலைச் சொல்லுங்கள், தேர்வை எங்களிடம் விடுங்கள்.

இப்போதைய வழக்கு எடை. ஜோகன்னஸ்பர்க்கில் நடந்த ‘அட்வான்ஸ்’ ஆய்வில் 48 வாரங்களில் ஒரு பிரிவினருக்குச் சராசரியாக 6 கிலோ கூடியது என்ற செய்தி பரவி அச்சத்தைக் கிளப்பியது. அந்த 6 கிலோ, டொலுடெக்ராவிரோடு டெனோஃபோவிர் அலாஃபினமைடு என்ற புதுவகை சேர்ந்த கூட்டுக்கு உரியது. இங்கே தரப்படும் டி.எல்.டி.யில் இருப்பது பழைய டெனோஃபோவிர். ஆய்வில் அது சேர்ந்த பிரிவில் கூடியது 3 கிலோ. எஃபாவிரென்ஸ் பிரிவில் 1 கிலோ. அந்த வேறுபாட்டிலும் ஒரு நுட்பம் இருக்கிறது: எஃபாவிரென்ஸை விரைவாகச் சிதைக்கும் மரபணு உள்ளவர்களைத் தனியே பார்த்தால், அவர்களுக்கும் ஏறத்தாழ டொலுடெக்ராவிர் அளவுக்கு எடை கூடியிருந்தது. ஆகவே பழைய மருந்து எடையை அமுக்கி வைத்திருந்தது என்பது விளக்கத்தில் பாதியாவது இருக்கும். நோயில் இளைத்த உடல் மீள்வதும் அந்தக் கிலோக்களில் அடங்கும். இது ஸ்டாவுடின் அல்ல. எடைக்காக மட்டும் டி.எல்.டி.யை மாற்றுவதற்குச் சான்று போதாது என்பது என் கணிப்பு.

ஆனால் அதற்காக ‘சாப்பாட்டைக் குறையுங்கள்’ என்று அனுப்பிவிடுவதும் சரியில்லை. நம் உடல்வாகில் கொழுப்பு வயிற்றில்தான் சேரும். இடுப்பளவு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினாலே சர்க்கரையும் இதய நோயும் நெருங்குகின்றன. ஒவ்வொரு முறையும் எடையோடு இடுப்பளவும், அவ்வப்போது ரத்தச் சர்க்கரையும் பார்க்க வேண்டும். இந்தியாவும் பங்கேற்ற ‘ரிப்ரீவ்’ ஆய்வு, பிடாவாஸ்டாடின் என்ற கொழுப்புக் குறைப்பு மாத்திரை எச்.ஐ.வி.யோடு வாழும் 40 வயது தாண்டியவர்களின் மாரடைப்பு போன்ற பெரிய இதய நிகழ்வுகளை 35 சதவீதம் குறைத்ததாக 2023-ல் காட்டியது. பொறுத்துக்கொள்ளச் சொல்வதற்கும் கவனித்துக்கொள்வதற்கும் உள்ள தூரம் இதுதான்.

அந்தக் கவனிப்பில் பெரும்பகுதி செலவில்லாதது, வாயால் சொன்னால் போதும் என்பதால்தான் சொல்லாமல் விடுவது பொறுக்கவில்லை. டொலுடெக்ராவிரால் தூக்கம் கெட்டால் மாத்திரையைக் காலைக்கு மாற்றலாம். கர்ப்பிணிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியமும் தருவார்கள். வெறும் வயிற்றில் அவற்றோடு சேர்த்து விழுங்கினால் டொலுடெக்ராவிர் சரியாக உடலில் சேராது. சாப்பாட்டோடு என்றால் சேர்த்து எடுக்கலாம். இல்லையேல் அவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ எடுக்க வேண்டும். நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் ஆன்டாசிட்டுக்குச் சாப்பாடு கைகொடுக்காது, இடைவெளி கட்டாயம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவருக்கு ரத்தத்தில் அதன் அளவு வெகுவாகக் கூடும். நாளுக்கு 1,000 மில்லிகிராமைத் தாண்டாமல் பார்க்க வேண்டும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் தொடங்கினால் டொலுடெக்ராவிர் இருவேளையாக வேண்டும்.

சிறுநீரகத்தில் ஒரு குழப்பம் அடிக்கடி நேர்கிறது. டொலுடெக்ராவிர் கிரியாட்டினின் வெளியேறுவதைத் தடுத்து அந்த எண்ணை முதல் வாரங்களில் சற்று உயர்த்தும். சிறுநீரகம் கெட்டது என்று பொருளில்லை. டெனோஃபோவிரோ உண்மையிலேயே கெடுக்கக்கூடியது. இரண்டையும் பிரித்தறியச் சிறுநீரில் புரதமும் சர்க்கரையும் இருக்கின்றனவா என்று பார்த்தாலே பாதி விடை கிடைக்கும். மூட்டுவலிக்குத் தெருமுனைக் கிளினிக்கில் போட்டுக்கொள்ளும் டைக்ளோஃபெனாக் ஊசி அந்தக் கெடுதலை விரைவுபடுத்தும். நாட்டு மருந்தோ பற்பமோ சாப்பிட்டாலும் மையத்தில் சொல்லிவிடுவது நல்லது. அதைச் சொன்னதற்காகத் திட்டினால் அடுத்த முறை அவர் சொல்ல மாட்டார்.

பொறுக்கவே கூடாதவையும் உண்டு: காய்ச்சலோடு தோல் தடிப்பு, வாய்ப்புண், தோல் உரிதல், கண் மஞ்சளாதல், கரும்பழுப்புச் சிறுநீர், விடாத வாந்தி. இவற்றோடு அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். அபாகாவிர் என்ற எச்.ஐ.வி. மருந்தால் ஒவ்வாமை வந்து நிறுத்திய ஒருவர் அதை வாழ்நாளில் மறுபடி தொடக்கூடாது. இரண்டாம் முறை உயிரைப் பறிக்கும். ஆனால் அடாசனாவிர் என்ற மருந்து எடுப்பவருக்கு மட்டும் கண் மஞ்சளானால் அது பெரும்பாலும் தீங்கற்றது, சோதித்து உறுதி செய்தால் போதும்.

ஆக என் தீர்ப்பு: மருந்து, சந்தேகத்துக்கு இடமின்றி, வெல்கிறது. இன்று புதிதாகத் தொடங்கும் ஒருவர் பக்கவிளைவுக்கு அஞ்சித் தயங்க நியாயம் இல்லை. தோற்பது பொறுமையை மருந்தாகத் தரும் வழக்கம். ஸ்டாவுடினிலும் எஃபாவிரென்ஸிலும் நோயாளிகள் முதலில் சொன்னதை ஆய்வுகள் ஆண்டுகள் கழித்து உறுதி செய்தன. டொலுடெக்ராவிரில் எடை பற்றி அவர்கள் சொல்வதையும் அதே மரியாதையோடு குறித்து வைக்க வேண்டும், முடிவு மருந்துக்குச் சாதகமாகவே வந்தாலும். தூக்கம் எப்படி, மனம் எப்படி, எடை என்ன, வேறென்ன மாத்திரை என்ற நான்கு கேள்விகளுக்கு ஆலோசகரின் மேசையில் இடம் வேண்டும். பல மாத மாத்திரை ஒரே தடவையில் கொடுக்கப்படும் இக்காலத்தில் அந்தச் சில நிமிடங்களின் மதிப்பு கூடியிருக்கிறது. மையத்தில் சொல்லியும் பதிவாகவில்லை என்றால் இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800-180-3024. மருத்துவர்தான் பேச வேண்டும் என்பதில்லை, மாத்திரை எடுப்பவரே பேசலாம்.