புரூக்ஸும் ஒரகடத்து ஷிஃப்ட் நோட்டும்

ஃபிரெட் புரூக்ஸ் 1975-ல் எழுதிய ‘தி மித்திக்கல் மேன்-மந்த்’ புத்தகத்தை மறுபடி படிச்சேன். தாமதமான மென்பொருள் வேலையில் ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்பது அவர் விதி. புதுசா வருபவருக்குச் சொல்லிக்கொடுத்தே பழைய ஆளின் நேரம் போய்விடும். 4 பேருக்குள் 6 ஜோடிகள் பேசிக்கொள்ள வேண்டும் என்றால், 8 பேருக்குள் 28. கணக்கு சரிதான்.

ஆனால் அது ஐபிஎம்மில் சம்பளம் வாங்கியவர்களின் அணி. மாணவர் அணியில் ஆள் மாறுவது நம் கையில் இல்லை. 2009 ஏப்ரல் 20-ல் விண்ணுக்குப் போன அண்ணா பல்கலைக்கழகத்தின் 40 கிலோ அனுசாட் பல வருட வேலை, எம்.இ. படிப்போ 2 வருடம்தான்.

என் பி.இ. இறுதியாண்டு புராஜெக்ட்டில் நான்தான் லீடர். புரோகிராம் எழுதிய நண்பன் வேலை கிடைத்துப் போய்விட்டான். அவன் எழுதியது மிச்சம் மூணு பேருக்கும் புரியவில்லை. டெமோ ஓடவில்லை. “பாதியில விட்டுட்டுப் போயிட்டான்” என்று வருடக்கணக்கில் திட்டினேன்.

பிறகு ஒரகடத்தில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலைக்கு வேலையாகப் போனேன். அப்ரண்டிஸ் பையன்கள் வருடாவருடம் மாறுகிறார்கள், லைன் நிற்பதில்லை. எந்த மெஷின் தகராறு, எதைத் தொடக்கூடாது என்று நோட்டில் எழுதி, அடுத்த ஷிஃப்ட்டிடம் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறுகிறார்கள்.

ஆவணங்கள் பற்றி புரூக்ஸும் எழுதியிருக்கிறார். ஆனால் அவர் கவலை, இருப்பவர்கள் ஒத்துப்போவது. மாணவர் அணியின் கவலை, போகிறவனிடம் எதை வாங்கி வைப்பது.

அந்த நோட்டை நான் நண்பனிடம் கேட்கவே இல்லை. தப்பு லீடருடையது.